20-ம் தேதிக்கு அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடம் ஆனவர்கள், பிஜி விடுதியிலோ நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலோ இருப்பவர்கள், சம்பளம் ஏறிய மெசேஜையும் அது இறங்கிய மெசேஜையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள். இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி இவர்களுடையது. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், மீதிப் பேர் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். எந்த ஷேர் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரூம்மேட்டுக்குப் போன மாதம் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவன் பங்கு 180 ரூபாய் இன்னும் வரவில்லை. கேட்டால் அல்பம் என்பான், கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.
– தூக்கம் வராதவன், பெருங்குடி

180 ரூபாய்க்காக ஒரு மாதம் தூங்காமல் இருந்தால் அப்புறம் டாக்டர் பீஸ் 400 ஆகிவிடும், கேட்டுவிடுங்கள் தம்பி. முன்பெல்லாம் யூபிஐயில் வாயைத் திறக்காமலே ரிக்வெஸ்ட் தட்டிவிடலாம், வெட்கப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். மோசடிக்காரர்கள் அதை வைத்து ஊரை ஏமாற்றியதால் 2025 அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஆள் ரிக்வெஸ்ட் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இனி வாய்தான்.

அடுத்த தடவை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததுமே பில்லைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, கீழே ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிவிடுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், உடனே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை ஆகிவிட்டால் அது கடன், ஒரு வாரம் ஆகிவிட்டால் அது நட்பு. பழைய 180-க்கு ஒரு வழிதான் இருக்கிறது: அடுத்த முறை பில் வரும்போது போனை எடுக்காமல், "இன்னைக்கு உன் முறைடா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு கலக்கியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிஜி சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. ஆப்பில் ஆர்டர் செய்தே சம்பளம் கரைகிறது. நானே சமைத்தால் மிச்சமாகுமா? எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.
– வெந்நீர்க்காரி, துரைப்பாக்கம்

மிச்சமாகும், முதல் மாதத்தைத் தவிர. முதல் மாதம் எல்லோரும் ஆர்வத்தில் நான்ஸ்டிக் செட், மசாலா டப்பா, காய் நறுக்கும் மெஷின், ஏர் ஃபிரையர் என்று வாங்கிக் குவித்துவிட்டு, அந்த மெஷினைக் கழுவச் சோம்பல்பட்டு மறுபடியும் ஆப்பைத் திறப்பார்கள். உங்களுக்குத் தேவை ஒரு மூன்று லிட்டர் குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு வாணலி, ஒரு கத்தி. தாளிக்கத் தனிக் கரண்டிகூட வேண்டாம், வாணலியே போதும்.

பிஜியில் சமைக்க விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். தனி வீடு என்றால் கேஸ் கனெக்‌ஷனுக்கு முகவரிச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டாம், 5 கிலோ குட்டி சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய சிலிண்டரைவிட விலை கூடத்தான். ஆனால் ஒரு ஆளுக்கு நாள் கணக்கில் வரும், வீடு மாறும்போது கையில் தூக்கிக்கொண்டும் போகலாம்.

சமையலை மாவு பாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தெருமுனைக் கடையில் ஒரு கிலோ வாங்கினால் முதல் நாள் இட்லி. இட்லித் தட்டு இல்லையென்றால் சின்னக் கிண்ணங்களில் எண்ணெய் தடவி ஊற்றி, குக்கரில் வெயிட் போடாமல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் போதும், கிண்ண இட்லி என்று பெரிய ஹோட்டல்காரர்களே பெயர் வைத்து விற்கிறார்கள். மறுநாள் தோசை. மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருக்கும், அன்றைக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கித் தூவி ஊத்தப்பம், அதற்குத் தொட்டுக்கொள்ளக்கூட எதுவும் வேண்டாம். நாலாம் நாள் டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு கரண்டி மாவு மிஞ்சும். அதில் ஒரு கை ரவையைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கல்லில் சின்னச் சின்னதாக ஊற்றினால் பணியாரத்தின் தம்பி மாதிரி ஒன்று வரும். இதற்காகப் பணியாரக் கல் வாங்கிவிடாதீர்கள், பரணில் அது தூங்கும்.

இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். சித்திரை வெயிலில் இதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை எந்த ஆப்பும் கொண்டுவந்து தராது.

ஆப்பை அழிக்கச் சொல்ல மாட்டேன், காய்ச்சல் வரும் நாளில் அது வேண்டும். ஆனால் ஆர்டர் பண்ணும் முன் ஒரு தடவையாவது அந்த ஹோட்டலுக்கு நடந்து போய் அங்கே போர்டில் என்ன விலை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல ஹோட்டல்களில் ஆப் விலையே கூடுதல், அதன்மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்பாரம் கட்டணம், வரி. ஒரு மசால் தோசை இரண்டு தெரு தாண்டி வருவதற்குள் விலை எங்கேயோ போய்விடுகிறது. வரும்போது மொறுமொறுப்பும் இருப்பதில்லை.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் அம்மா உணவகத்தில் சாப்பிடுகிறேன். கழுத்தில் ஐடி கார்டோடு நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இது தப்பா?
– பெயர் வேண்டாம், அம்பத்தூர்

தப்பே இல்லை. 2013-ல் சென்னையில் ஆரம்பித்தபோதிலிருந்து அங்கே யாரிடமும் ரேஷன் கார்டோ சம்பளச் சீட்டோ கேட்டதில்லை. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஐடி கார்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சத்துக்காக இல்லை, சாம்பாரில் விழாமல் இருக்க.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். சாதம் தீரப்போகிற நேரத்தில் உங்களுக்குப் பின்னால் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஒருவர் நின்றால் வழிவிட்டுவிடுங்கள். உங்களுக்கு அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது, அவருக்கு அதுதான் கடை.

ஷாம்பு பாட்டில் வாங்குவது லாபமா, சாஷே வாங்குவது லாபமா? ஆபீஸில் இதைப் பற்றிப் பெரிய சண்டை.
– உதிரும் முடி, ஆவடி

மொத்தமாக வாங்கினால்தான் லாபம் என்பது அரிசிக்கும் பருப்புக்கும் சரி. ஷாம்பு விஷயத்தில் நம் நாட்டில் கதை தலைகீழ். சாஷே பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே நம் கடலூர்தான்: அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர்தான் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கினார், அவர் மகன் ரங்கநாதன் 1980-களில் சிக் ஷாம்புவோடு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். ஒரு ரூபாய் பாக்கெட்டுக்கு அவ்வளவு போட்டி இருப்பதால், பல பிராண்டுகளில் மில்லி கணக்குப் போட்டால் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. இப்போதெல்லாம் பல பொருட்களின் மேல் ஒரு கிராமோ மில்லியோ என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டே இருக்கும், எம்ஆர்பிக்குப் பக்கத்தில் தேடுங்கள். சண்டைக்கு நடுவர் வேண்டாம்.

பாத்ரூம் முழுக்கப் பிளாஸ்டிக் துண்டு கிடக்கும் என்பது மட்டும் சாஷேக்கு எதிரான வாதம். அது நியாயமான வாதமும்கூட.

ஆவணி பிறந்தால் பயமாக இருக்கிறது. ஒரு மாதத்தில் நாலைந்து கல்யாணப் பத்திரிகை. எவ்வளவு மொய் எழுதுவது?
– கவர் வாங்கியே களைத்தவன், தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வந்தவன்

தஞ்சாவூர்க்காரர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறீர்கள், இது உங்களுக்கே நியாயமா? உங்கள் பேராவூரணிப் பக்கமும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கமும் ஆடி, ஆவணியில் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து வைக்கிறார்கள். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, பல பேர் ஒன்றாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு, கறிச்சோறு போட்டு, ஒரே நாளில் லட்சக்கணக்கில் வசூலாகும். எண்ணுவதற்கு மெஷின் வைத்திருப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. வாங்கியவர் தன் முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்தப் பணத்தில் கடை வைத்தவர்களும் போர் போட்டவர்களும் பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்களும் உண்டு. ஆக, மொய் வீண் செலவு என்று எழுதினால் உங்கள் ஊரில் என்னை அடிப்பார்கள்.

சென்னைக் கணக்கு வேறு. பத்திரிகை வந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டு, "அவங்க நம்ம வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செஞ்சாங்க?" என்று கேளுங்கள். பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கும் மொய் நோட்டை எடுத்து, அக்கா கல்யாணத்துப் பக்கத்தைப் புரட்டி, ஊர், அப்பா பெயரோடு படித்துச் சொல்வார்கள். அதில் பெயர் இருந்தால் அந்தத் தொகை, அதற்கு மேல் ஒரு நூறு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் செலவான பணம்.

ஆபீஸ் நண்பர்கள் என்றால் ஆறேழு பேர் சேர்ந்து ஒரே கவர், அதுவும் கல்யாணத்துக்கு முந்தின வாரமே. மணவறை மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போது "எவ்வளவுடா போட்டிருக்கே" என்று காதில் கிசுகிசுப்பது எல்லா ஆல்பத்திலும் தெரிகிறது. முகம் மட்டுமே தெரிந்தவர், லிஃப்டில் பார்த்துச் சிரித்தவர், ஆபீஸ் முழுக்கப் பத்திரிகை வைத்தவர் என்றால் போகாமலே வாழ்த்து அனுப்பலாம், யாரும் தேட மாட்டார்கள். போனால் மட்டும் வெறுங்கையோடு போய்ப் பந்தியில் உட்காராதீர்கள். ஒரு இலைக்கு இப்போது கேட்டரிங்காரர் என்ன வாங்குகிறார் என்று கல்யாணப் பெண்ணின் அப்பாவைக் கேட்டால் தெரியும்.

சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஒரு வீட்டில் எத்தனை மணிதான் பார்ப்பது.

ரூமில் ஏசி. ஒருவன் 18-ல் வைக்கிறான், கரண்ட் பில்லை நாலாகப் பிரிக்கிறோம். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே பணமும் கட்டுகிறேன்.
– சைபீரியாவாசி, வேளச்சேரி

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சாதாரண ஏசி 18-க்கும் 24-க்கும் ஒரே வேகத்தில்தான் குளிரவைக்கும், 18 என்றால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். 2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று மத்திய அரசே விதி வைத்திருக்கிறது, ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனை இரண்டில் ஓடவிடுங்கள், விடியற்காலையில் அவரே எழுந்து போர்வை தேடுவார்.

ஆனால் உங்கள் பில்லில் பெரிய ஓட்டை ஏசி இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்குத் தனி ஈபி மீட்டரா, இல்லை ஓனர் மாட்டியிருக்கும் சப்-மீட்டரா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொந்தமாக ரேட் போட்டு வாங்கினால் அந்த 100 யூனிட் உங்கள் கண்ணிலேயே படாது. வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிற நாம் இதைக் கேட்பதில்லை.

ஃபேன் பழசா? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30-க்குப் பக்கத்தில் நிற்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட்டுக்குப் பதில் 11. விலை அதிகம்தான், சென்னையில் ஃபேனை வருடம் முழுக்க நிறுத்துவதில்லை என்பதால் காசு திரும்பிவிடும். காலி செய்யும்போது புது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போவதற்காக ஓனருடைய பழைய ஃபேனைப் பரணில் பத்திரமாக வையுங்கள்.

சனி, ஞாயிறு பகலில் ஏசியே வேண்டாம் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே விட்டிருக்கிறார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், தூங்குவதற்கென்று போகாதீர்கள்.

தீபாவளிக்கு நாகர்கோவில் போக ஆம்னி பஸ் டிக்கெட் பார்த்தேன். விமான டிக்கெட் பக்கத்தைத் தவறாகத் திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.
– ஊருக்குப் போகாதவள், தாம்பரம்

தாம்பரத்திலேயே இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா தங்கச்சி. ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. காலை 8 மணிக்குத் திறந்தால் பண்டிகை நாளுக்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதனால் தேதியைப் போனில் அலாரமாகவே வைத்துவிடுங்கள், கூடவே ஊரிலிருந்து திரும்புகிற தேதிக்கும் ஒன்று. போகிற டிக்கெட்டைப் போராடி எடுத்துவிட்டுத் திரும்ப வரும் டிக்கெட்டை மறக்கிற கூட்டம் பெரியது.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அந்த்யோதயா ரயில் இருக்கிறது, மொத்த ரயிலுமே முன்பதிவில்லாப் பெட்டி. சாதாரண நாளில் அது வசதி. தீபாவளிக்கு முந்தின இரவு அது ஒரு சாகசம், பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கத் தெம்பு இருந்தால் மட்டும்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் அரசு பஸ் ஏறுபவர்கள் திரும்பி வரும்போது இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து அத்தனை கிலோமீட்டர் அரசு பஸ்ஸில் வந்துவிட்டு, விடிகாலையில் தூக்கக் கலக்கத்தில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், அந்த பஸ் டிக்கெட்டுக்குச் சமமாக அவர் கேட்பார். உள்ளேயே மாநகரப் பேருந்து நிற்கிறது, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். கூட வேலை பார்க்கும் அக்கா மாதம் மிச்சப்படுத்துவதைச் சொல்லிச் சொல்லியே கடுப்பேற்றுகிறார்.
– டிக்கெட் எடுப்பவன், திருவொற்றியூர்

அந்த அக்காவின் சம்பளச் சீட்டையும் உங்கள் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்புறம், தினம் இரண்டு மூன்று பஸ் மாறுகிறீர்கள் என்றால் 1,000 ரூபாய்க்கு மாத பாஸ் இருக்கிறது, ஏசி பஸ் தவிர மாநகரப் பேருந்து எதிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் பாஸ் எடுக்காதீர்கள், கட்டாது.

ஆபீஸில் வாரம் ஒருவருக்குப் பிறந்த நாள், ஆளுக்கு 200 வசூல். தப்பிக்க வழி உண்டா?
– கேக்கு பிடிக்காதவன், சிறுசேரி

உங்கள் பிறந்த நாளை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் வசூலையும் மறுக்கலாம். இரண்டில் ஒன்று.

வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாதம் பிடிப்பாராம்.
– அட்வான்ஸ் இல்லாதவள், மடிப்பாக்கம்

தமிழ்நாட்டில் 2017-ல் போட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லும். அந்த ஓட்டையில்தான் பத்து மாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் பேசினால்தான் உண்டு, ஐந்து மாதத்துக்கு இறங்குகிற ஓனர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக வீடு இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தால். கேட்டில் தொங்கும் 'டு லெட்' பலகை வெளுத்துப்போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பெயின்ட் விஷயத்தில், சாவி வாங்கிய அன்றே சாமான் இறக்கும் முன்னால் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். சுவரில் பழைய குடித்தனக்காரர் அடித்த ஆணி ஓட்டை, ஜன்னல் ஓரத்து ஈரக்கறை, பாத்ரூம் குழாய் ஆடுவது, கதவின் பின்னால் ஒட்டிக் கிடக்கும் கார்ட்டூன் ஸ்டிக்கர் எல்லாம் வரவேண்டும், அதை அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும். "சும்மா உங்க பார்வைக்கு சார்" என்று கீழே எழுதினால் போதும். இரண்டு வருடம் கழித்து அந்த ஸ்டிக்கருக்கு உங்களிடம் பணம் பிடிக்க முடியாது.

நோ காஸ்ட் ஈஎம்ஐயில் 60,000 ரூபாய் போன் வாங்கலாமா? வட்டி இல்லை என்கிறார்களே.
– போன் ஆசை, குரோம்பேட்டை

வட்டி இருக்கிறது. அதை முன்கூட்டியே தள்ளுபடி என்று கழித்துக் காட்டுகிறார்கள், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி ஈஎம்ஐக்குக் கிடைக்காமலும் போகலாம். கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி, கந்துவட்டிக்காரர்கூட வீட்டுக்கு வந்து முகம் காட்டிவிட்டு வாங்குவார். இப்போதிருக்கும் போன் மெதுவாக இருக்கிறதா, சார்ஜ் நிற்கவில்லையா? சார்ஜ்தான் என்றால் பேட்டரி மாற்றுங்கள், இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

வேலை மாறுகிறேன். பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்கலாமா?
– இரண்டு வருட அனுபவம், ஓசூர்

எடுக்காதீர்கள், பழைய யுஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணிலேயே புது கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள், இவ்வளவு பத்திரமாக இவ்வளவு தரும் இடம் உங்களுக்கு வேறு கிடைப்பது கஷ்டம். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரியும் உண்டு. பைக் அதுவரை பழசே ஓட்டுங்கள்.

அம்மா நகைச்சீட்டு போடச் சொல்கிறார். எனக்கு நகையே பிடிக்காது.
– கழுத்தில் ஒன்றுமில்லாதவள், மதுரை

நகை வாங்கியே தீரவேண்டிய வீடு என்றால் சீட்டில் லாபம் உண்டு, பல கடைகளில் சேதாரத்தில் சலுகை தருவார்கள். சேமிப்பதற்காக என்றால் கடைசியில் கையில் பணம் வராது, நகைதான் வரும், அதோடு 3 சதவீத ஜிஎஸ்டி. தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்டி என்கிற மாதச் சேமிப்பு போடலாம், ஐந்து வருடம். அம்மாவிடம் அந்தப் பாஸ்புக்கைக் காட்டுங்கள், பச்சையோ சிவப்போ ஒரு முத்திரை இருந்தால் அம்மாக்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

முதல் தடவை ஒரு பெண்ணோடு வெளியே போகிறேன். கையில் 500 ரூபாய்தான். கஞ்சன் என்று தெரியாமல் எங்கே கூட்டிப் போவது?
– பயந்தவன், மயிலாப்பூர்

மயிலாப்பூரில் இருந்துகொண்டு 500 ரூபாய்க்குப் பயப்படலாமா. மார்கழி என்றால் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, உள்ளே ஏசியும் உண்டு. பணத்தைக் கேன்டீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் பாதிச் சென்னை கச்சேரிக்குப் போவதே அந்த வாழையிலைக்காகத்தான். மற்ற மாதம் என்றால் கபாலீசுவரர் கோயில் குளக்கரை, மாட வீதியில் ஒரு ஃபில்டர் காபி, அங்கிருந்து நடந்தே கடற்கரை, சுண்டல். சுண்டலில் மாங்காய் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

கையில் 500-தான் என்பதைப் போகும்போதே சொல்லிவிடுவது நல்லது. பில் வரும்போது பாத்ரூம் போகிறவனைவிட முதலிலேயே சொல்கிறவனுக்கு மறு சந்திப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம். அவரே பாதியைக் கொடுத்தால் வேண்டாம் என்று நடிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை. முதுகு போய்விட்டது. பல்லாவரம் சந்தையில் ஆபீஸ் நாற்காலி மலிவாகக் கிடைக்குமாமே?
– பிளாஸ்டிக் நாற்காலி, நங்கநல்லூர்

கிடைக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூடும் சந்தை, செடியிலிருந்து பழைய கிராமபோன் வரை எல்லாம் தரையில் பரப்பிவைத்திருப்பார்கள், மூடிய கம்பெனிகளின் நாற்காலிகளும் வரும். துணி கிழிந்திருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அதைத் தைத்துவிடலாம். உட்கார்ந்து உயரத்தை மேலே ஏற்றிவிட்டு, கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் எழுந்திருக்காமல் இருங்கள். பேசப் பேச நீங்கள் மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் கேஸ் குழாய் காலி, விலை பாதியானாலும் வேண்டாம். சக்கரம் ஐந்தும் சுழல்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பதற்கு அவர் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் அடுத்த கடை.

கொண்டுவருவது எப்படி என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நங்கநல்லூர் பக்கம்தான், தள்ளிக்கொண்டே வந்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பினாராம், சக்கரம் இருக்கிறதே என்று. ரயில்வே கேட்டில் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருந்தாராம்.